எந்த விலங்குக்கு எந்தக் குண்டு?

பொதிகை மலையின் அடிவாரத்தில் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம், களக்காடு, திருக்குறுங்குடி முதலிய ஊர்களைச் சுற்றி நிலம் வைத்திருப்போர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. ‘இந்தக் காட்டுப் பன்றியைத் தீர்க்க ஒரு நல்ல குண்டு கிடையாதா?’ என்பதே அது. குலை தள்ளும் பருவத்தில் வாழைத் தோட்டத்தை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, விடியற்காலையில் அந்த வரப்பில் நிற்பவர் வேறு எதைக் கேட்பார்? அவருடைய சினத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நல்ல குண்டு என்றால் என்ன என்பதை நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததில்லை. வலுவானதே நல்லது, தூரம் போவதே நல்லது என்று கருதிவிடுகிறோம். அக்கருத்து சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

நான் வேட்டைக்காரன் அல்லன். பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சிறிது நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவன். குண்டைப் பற்றி நான் பேசுவது, அதனை யாவரும் கையில் எடுக்க வேண்டும் என்பதற்காக அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ கேடு விளைவிக்கும் விலங்கை, உரிய அதிகாரி எழுத்து மூலம் இசைவு அளித்தாலன்றிச் சுடலாகாது. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு அதற்கு மட்டுமே இடம் தருகிறது. துப்பாக்கிக்கு உரிமம் பெற்றிருப்பது வேறு, விலங்கைச் சுட இசைவு பெற்றிருப்பது வேறு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். கடையில் விற்பது தோட்டா. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது அது. குழலை விட்டு வெளியேறுவது குண்டு மட்டுமே. ரைஃபிள் என்னும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகாணியின் மரைபோல் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டும் தலை குப்புறாமல் நேராகச் செல்கிறது. குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர் தராசில் இட்ட குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும்.

குண்டின் ஆற்றல் இரண்டைப் பொறுத்தது: அதன் எடை, அதன் வேகம். எடை இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சிக் களங்களில் பயன்படும் .22 தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் அது புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல். 16 கிராம் எடையுள்ள ஒரு குண்டு நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 2,880 ஜூல். முன்னதைப்போல் இருபது மடங்கு! இதைக் கேட்டதும் பெரியதே மேல் என்று தோன்றும். ஆனால் குண்டு கொண்டுசெல்லும் ஆற்றல் ஒன்று. விலங்கின் உடலில் அது விட்டுச்செல்லும் ஆற்றல் மற்றொன்று. கடன் கொடுக்க வந்தவர் மடியில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைவிட, நம் கையில் எவ்வளவு கொடுத்தார் என்பதுதானே முக்கியம்?

அந்த வேறுபாட்டை உண்டாக்குவது குண்டின் அமைப்பு. பொதுவாகக் குண்டின் உட்பகுதி ஈயம். மேற்பகுதி செம்பும் சிறிது துத்தநாகமும் கலந்த மெல்லிய சட்டை. இச்சட்டை மூக்கு வரை முழுவதும் மூடியிருந்தால் அது முழுச்சட்டைக் குண்டு. உடலில் பட்டாலும் பெரிதும் உருமாறாமல் ஊசிபோல் துளைத்து மறுபுறம் போய்விடும். மூக்கில் மட்டும் சட்டையில்லாமல் ஈயம் தெரிந்தால் அது மென்மூக்குக் குண்டு. உடலுக்குள் புகுந்ததும் மூக்கு மழுங்கி, குடை விரிவதுபோல் விரிந்து, தன் விட்டத்தைப்போல் இரு மடங்கு அளவுக்கு அகன்று, ஆற்றலை உள்ளேயே செலவிட்டுவிடும். மூன்றாவது வகை, சட்டை மிக மெல்லியதாகவும் எடை குறைவாகவும் உள்ள நொறுங்கும் குண்டு. மிகுந்த வேகத்தில் பாய்ந்து, பட்ட சிறிது ஆழத்திலேயே தூள் தூளாகிவிடும்.

மென்மூக்குக் குண்டின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் என்னும் ஊரின் ஆயுதச் சாலையில், 1890களின் பிற்பகுதியில், படையினரின் .303 குண்டின் மூக்குச் சட்டையை நீக்கி விரியும் குண்டு செய்தார்கள். எனவே அவ்வகைக் குண்டுக்கு உலகெங்கும் ‘டம்டம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அது மனித உடலில் உண்டாக்கிய காயம் கொடியதாக இருந்தமையால், 1899ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய நாடுகள், போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தலாகாது என்று சாற்றின. போரில் தடுக்கப்பட்ட அதே குண்டுதான் வேட்டையில் வேண்டப்படுகிறது. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், மானை ரைஃபிளால் சுடுவதானால் விரியும் குண்டாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. இது முரண்பாடுபோல் தோன்றும். போரில் காயம்பட்டவன் போரிடும் நிலையை இழந்தால் போதும். அவனை மருத்துவர் எடுத்துச் சென்று காப்பாற்றலாம். காயம்பட்ட விலங்குக்கோ மருத்துவர் இல்லை. அது புதருக்குள் கிடந்து நாள் கணக்கில் துடித்துச் சாகும். அன்றேல் வலியோடு திரும்பி வந்து மனிதரைத் தாக்கும். சாகத்தான் வேண்டுமென்றால் அது உடனே சாவதே அதற்குக் காட்டும் இரக்கம்.

இனி, எந்த விலங்குக்கு எது என்று பார்ப்போம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் கொயோட்டி என்றொரு விலங்கு உண்டு. நம் நரிக்கு நெருங்கிய உறவு. நரியைவிடச் சற்றுப் பெரியது. அங்குள்ள ஆட்டுப் பண்ணைக்காரர்கள் அதனைச் சுடுவது வழக்கம். அவர்கள் விரும்புவது 50, 55 கிரெயின் எடையுள்ள, நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் செல்லும் நொறுங்கும் குண்டு. காரணம் இரண்டு. சிறிய உடலுக்குள் குண்டு தூளாகி நின்றுவிட்டால், மறுபுறம் துளை விழாமல் தோல் கெடாது. குறி தவறித் தரையில் பட்டாலும், குண்டு பெரும்பாலும் அங்கேயே சிதறிவிடும். தெறித்துப் பண்ணை வீட்டுக்குப் போகும் அபாயம் குறையும். மெல்லிய உடலுக்கு மெல்லிய குண்டு என்பது அவர்கள் கண்ட விதி. நம் நாட்டில் நரி சட்டத்தின் காவலில் உள்ளது. வயல் எலியைத் தின்று உழவனுக்கு உதவுவதும் அதுவே. அதற்குக் குண்டு தேட வேண்டியதில்லை.

அந்த நொறுங்கும் குண்டையே காட்டுப் பன்றிக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நன்கு வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோகிராமுக்கு மேலும் எடை இருக்கும். அதன் தோளின் மேல், தோலுக்கடியில், குருத்தெலும்பு போன்ற தடித்த கவசம் ஒன்று வளர்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று கோரைப்பல்லால் மோதும்போது காத்துக்கொள்ள இயற்கை அளித்த கேடயம் அது. நொறுங்கும் குண்டு அந்தக் கேடயத்திலேயே தூளாகும். பார்வைக்குக் கோரமான காயம். உள்ளே இதயமும் நுரையீரலும் நலமாக இருக்கும். பன்றி ஓடிவிடும். முழுச்சட்டைக் குண்டோ கேடயத்தையும் துளைத்து, உடலையும் துளைத்து, மறுபுறம் வெளியேறி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். யானை போன்ற பேருடல் விலங்குகளுக்கென்று பழைய வேட்டைக்காரர் கொண்ட குண்டு அது. பன்றிக்கு ஏற்றது எடை மிகுந்த, சட்டை தடித்த, மெல்ல விரியும் மென்மூக்குக் குண்டு. கேடயத்தைக் கடக்கும் உறுதியும், கடந்தபின் விரியும் மென்மையும் அதற்கு வேண்டும். தென்னாட்டுக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் தம் கையில் வைத்திருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். பருத்த, கனமான குண்டை மிதமான வேகத்தில் செலுத்தும் துப்பாக்கி அது. வேகத்தைவிடக் கனத்தை நம்பிய தலைமுறை அவருடையது.

குண்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது சென்று சேரும் இடமும் சரியாக வேண்டும். பன்றியின் இதயம் மார்பில் தாழ்ந்து, முன்னங்காலின் மேற்பகுதியை ஒட்டி இருக்கிறது. உடலின் நடுவைக் குறி வைப்பவர் வயிற்றைத்தான் கிழிப்பார். குண்டு நேர்கோட்டில் செல்வதாக எண்ணுவதும் பிழை. நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 100 மீட்டர் செல்வதற்குள், குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். கையை விட்ட கல் விழுவதற்கும் அக்குண்டு இறங்குவதற்கும் காரணம் ஒன்றே. அதனைக் கணக்கிட்டே குறிக்கருவியை அமைக்கிறார்கள். பழகிய துப்பாக்கி, பழகிய தோட்டா, அளந்து அறிந்த தூரம் என்னும் மூன்றும் கூடாமல் இருட்டில் சுடுகிறவர் ஆற்றில் கல் எறிகிறவரே ஆவார்.

நம் பக்கத்தில் கிடைக்கும் துப்பாக்கிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். .22 குண்டின் ஆற்றல் பன்றிக்குப் போதாது என்பதைக் கணக்கே காட்டிற்று. பன்னிரண்டு போர் துப்பாக்கியில் எஸ்.ஜி., எல்.ஜி. என்ற பெரிய ரவைகள் இடுவதுண்டு. முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் அவை அகலமாகப் பரந்து, ஒன்றிரண்டே உடலில் பட்டு, கொல்லாமல் காயப்படுத்தும். கருமருந்தும் ஈயத்துண்டும் இரும்புத் துணுக்கும் திணிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் குழலே வெடித்துச் சுடுபவர் கையைக் கொண்டுபோவதும் உண்டு. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை செய்த .315 ரைஃபிள் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகலாகாது என்று தடுத்தமையால் தனி அளவாகப் பரவியது அது. அதன் மென்மூக்குக் குண்டு 244 கிரெயின், ஏறத்தாழ 16 கிராம். எடையாலும் அமைப்பாலும் பன்றிக்கு ஏற்றதே.

அப்படியானால் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா? இல்லை. பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. குண்டு விலங்கைத் தவறவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதே மீதிப் பாதி. என் கருத்தில் அதுவே பெரிய பாதி. சிறிய .22 குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வல்லது. ரைஃபிளின் பெருங்குண்டு, குழலைச் சற்று உயர்த்திச் சுட்டால், சில கிலோமீட்டர் அப்பால் போய் விழும். அமெரிக்கப் புல்வெளியில் அந்தத் தொலைவுக்குள் ஒரு வீடும் இல்லாமலிருக்கலாம். தாமிரபரணிக் கரையிலோ மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டு ஊர், ஒரு நெடுஞ்சாலை, ஒரு குளம், நாலைந்து பம்ப்செட்டுக் கொட்டகை, இரவு முறைப்பாசனத்துக்குத் தண்ணீர் கட்டப் போன ஆள் இத்தனையும் உண்டு. வாழை இலை கண்ணை மறைக்கும், குண்டை மறைக்காது.

இன்னும் ஒன்று. தாழ்ந்த சாய்வில் பாறையின்மீதோ குளத்து நீரின்மீதோ படும் குண்டு, சிறுவர் தண்ணீரில் எறியும் ஓட்டுச் சில்லைப்போல் தத்தித் திசை மாறிச் செல்லும். நம் அடிவாரமோ பாறையும் குளமும் நிறைந்த நிலம். ஆதலால் விலங்குக்குப் பின்னால் மண் இருக்கிறதா என்று பார்த்த பின்பே விசையைத் தொட வேண்டும். உயர்ந்த குளக்கரையின் மண் நல்ல தடுப்பு. அதனினும் நல்லது நம் முன்னோர் காவலுக்குக் கட்டிய பரண். பரணின்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுடும்போது, தவறிய குண்டு சில அடி தூரத்தில் வயல் மண்ணிலேயே புதைந்துவிடும். வரப்பில் நின்று கிடைமட்டமாகச் சுடுவதற்கும் பரணிலிருந்து சுடுவதற்கும் உள்ள வேறுபாடு, ஓர் உயிரின் வேறுபாடாக இருத்தல் கூடும்.

குண்டு நின்ற பிறகும் அதன் வேலை முடிவதில்லை என்பதையும் இக்காலத்தில் அறிந்திருக்கிறோம். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தசைக்குள் பரவுகின்றன. அந்த உடலைத் தின்னும் பறவைக்கும் விலங்குக்கும் ஈயம் நஞ்சாகிறது. கலிபோர்னியாவில் கொண்டார் என்னும் பெருங்கழுகு இவ்வாறு மடிவதைக் கண்டு, 2013ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றும் விலக்கினார்கள். முழுதும் செம்பால் ஆன விரியும் குண்டு அதற்கு மாற்றாக வந்தது. செம்பு எளிதில் நொறுங்காது, துகள் விடாது. ஆனால் கடினமானது ஆகையால், பின்னால் மண் தடுப்பு இருக்கிறதா என்பதில் முன்னிலும் மிகுந்த கவனம் வேண்டும். ஈயக் குண்டால் சுட்ட உடலை ஆழப் புதைப்பது, நரியையும் கீரியையும் காக்கும் எளிய வழி.

‘இவ்வளவு யோசனை எதற்கு? அவுட்டுக்காய் வைத்தால் தீர்ந்தது’ என்பாரும் உளர். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் இக்கொடிய முறைக்கு, இன்ன விலங்கு என்ற தேர்வே கிடையாது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைக்கு அப்பால் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், கருவுற்ற யானை ஒன்று வெடிமருந்து பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிர் விட்டதை நாடு முழுவதும் அறியும். மேய்ந்துவரும் பசுவும் விளையாடும் குழந்தையும் அதே காயை எடுக்கலாம். மின்கம்பியை வேலியில் கொக்கியிட்டு வைப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. குண்டுக்காவது ஒரு குறி உண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை.

நம் அரசு 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்த ஏற்பாட்டை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை அதனைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேரளத்திலோ 2022ஆம் ஆண்டு முதல், உள்ளாட்சித் தலைவர்கள் உரிமம் பெற்றவர்களைக் கொண்டு சுடுவதற்கு ஆணையிடும் அதிகாரம் பெற்றிருக்கிறார்கள். எது சிறந்தது என்ற வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. களக்காடு, முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி நிலம் உள்ளவர், ‘பன்றி முதலில் நுழைவது என் தோட்டத்தில், சுடக் கூடாத ஒரு கிலோமீட்டரும் என் தோட்டமே’ என்று முறையிடுவதை அலட்சியப்படுத்த முடியாது. அவருக்கு வேண்டியது குண்டு அன்று; உறுதியான வேலியும், காலம் தாழ்த்தாத இழப்பீடும். அவற்றைக் கேட்பது அவருடைய உரிமை.

எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்ற வினாவை இப்போது மூன்று வினாக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். இக்குண்டு உயிர்நிலை வரை செல்லுமா? சென்றபின் உடலுக்குள்ளேயே ஆற்றலைச் செலவிடுமா? தவறினால் மண்ணில் நிற்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் அது நல்ல குண்டு. ஒன்றுக்குச் சொல்ல முடியாவிட்டாலும், விலை உயர்ந்த தோட்டாவேயானாலும், அது தீய குண்டே. முதல் இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர் துப்பாக்கி ஏந்தியவர். மூன்றாவதற்கு விடை சொல்ல நம் துணையும் அவருக்கு வேண்டும். உங்கள் ஊருக்கு வனத்துறையினர் இரவில் அப்பணிக்கு வருவார்களானால், நிலத்தின் மேடு பள்ளத்தையும் பாறையையும் குடிசையையும் அவர்களுக்குப் பகலிலேயே காட்டுங்கள். அன்றிரவு மோட்டார் போடப் போகிறவர் யார், மடை திறக்கப் போகிறவர் யார், பரணில் படுத்திருப்பவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, அவர்களைத் திரும்ப அழைத்த பின்பே துப்பாக்கியை நிரப்பச் சொல்லுங்கள்.